ஏன் இந்தத் தெரு?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. பல்பு வாங்கிய கதை என்பதால் தள்ளிப்போட்டேன், வேறு காரணம் இல்லை.

பி.காம். கடைசி வருஷப் புராஜெக்ட். தலைப்பு, குடும்பங்களின் சேமிப்புப் பழக்கம். நூறு வீடுகளில் கேள்வித்தாளை நிரப்பி வாங்க வேண்டும். எங்கள் தெரு, அடுத்த தெரு, அவ்வளவுதான். மூன்றே நாளில் முடித்துவிட்டேன். எல்லாம் தெரிந்த முகங்கள், பல வீடுகளில் காபியும் கிடைத்தது. வைவாவில் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, ஏன் இந்தத் தெரு?"

"வீட்டுக்குப் பக்கம் மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. இரண்டு வாரம் தருகிறேன், மறுபடி செய் என்றார்.

அன்றைக்கு ராத்திரி, சாம்பிள் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தேடப் போய், எப்படியோ வானத்தில் போய் முட்டிக்கொண்டேன். நாசாவின் ஸ்பிட்சர் தொலைநோக்கி 2003 ஆகஸ்டில் விண்ணுக்குப் போனது. அது அகச்சிவப்பு ஒளியில், அதாவது வெப்பத்தில் பார்க்கும். தானே சூடாக இருந்தால் எதையும் பார்க்க முடியாது என்பதால் திரவ ஹீலியத்தில் குளிரவைத்திருந்தார்கள். ஹீலியம் தீர்ந்தால் கதை முடிந்தது. 2009 மே மாதம் தீர்ந்தும் போனது. (அதற்குப் பிறகு பாதிக் கண்ணோடு 2020 ஜனவரி வரை உழைத்தது.) எங்கள் பாஷையில் சொன்னால், பட்ஜெட் நிலையானது, ஒரு பைசா கூட ஏறாது.

அந்த பட்ஜெட்டில் ஒரு பெரிய பங்கை வாங்கிய திட்டம் ஸ்வையர். கேரல் லான்ஸ்டேல் தலைமையில் தொலைதூர கேலக்ஸிகளைப் படம் பிடித்தது. பரப்பளவு சுமார் 49 சதுர டிகிரி. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் முழு வானம் 41,253 சதுர டிகிரி! ஆயிரத்தில் ஒரு பங்கை விடக் கொஞ்சம்தான் அதிகம். அப்படியானால் எந்த 49?

முதல் எதிரி தூசு. நம் பால்வீதியின் தூசும் அகச்சிவப்பில் மினுங்கும். ஐராஸ் செயற்கைக்கோள் 1983-இல் வானத்தை அளந்தபோது, பஞ்சு மேகம் போல எங்கும் படர்ந்திருந்ததைக் காட்டியது. கிரகங்கள் நகரும் பாதையை ஒட்டி சூரியக் குடும்பத்தின் தூசு வேறு. ஆகவே தூசு குறைந்த ஜன்னல்களைத் தேடினார்கள். சப்தரிஷி மண்டலத்தில் லாக்மன் ஓட்டை என்று ஓர் இடம். நம் கேலக்ஸியின் ஹைட்ரஜன் மிகக் குறைவாக இருக்கும் திசை அது என்று 1986-இல் ஃபெலிக்ஸ் லாக்மன் குழுவினர் கண்டார்கள். அது பட்டியலில் வந்தது.

இதைப் படித்ததும் எனக்கு ஒரே குஷி. அட, இவர்களும் வசதியான தெருவைத்தானே பிடித்திருக்கிறார்கள்! மேடத்திடம் போய்ச் சொல்லலாம் :-)

கொஞ்சம் யோசித்ததும் குஷி போய்விட்டது. தூசு நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் எண்ணப்போகும் கேலக்ஸிகள் அதற்குப் பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால். இங்கே தூசு குறைவு என்பதால் அங்கே கேலக்ஸி கூடவோ குறையவோ போவதில்லை. தேர்ந்தெடுத்த காரணத்துக்கும் அளக்கப்போகும் பொருளுக்கும் சம்பந்தமே இல்லை. என் தெருவில்? பாதிக்கு மேல் அரசு ஊழியர்கள், பென்ஷன்காரர்கள். பி.எஃப். பிடித்த பிறகுதான் சம்பளமே கைக்கு வரும். நான் ஏன் அங்கே குடியிருக்கிறேனோ, அதே காரணத்தால்தான் அங்கே எல்லோரும் சேமிக்கிறார்கள்.

இன்னொன்று. 49 டிகிரியையும் அவர்கள் ஒரே இடத்தில் எடுக்கவில்லை. கேலக்ஸிகள் சில இடங்களில் குவிந்தும் சில இடங்களில் வெறிச்சோடியும் கிடக்கும். ஒரே இடத்தைப் பார்த்துவிட்டுப் பிரபஞ்சமே இப்படித்தான் என்று சொல்லக் கூடாது. அதனால் வடக்கில், தெற்கில், நடுவில் என்று ஆறு துண்டுகள். அதில் ஒன்று கிரகப் பாதைக்குக் கொஞ்சம் பக்கம், தூசும் கூடுதல். ஆனாலும் அங்கே எக்ஸ்எம்எம் நியூட்டன் தொலைநோக்கியின் எக்ஸ்ரே தகவல் இருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொன்று, நம் சந்திரசேகர் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி ஏற்கனவே ஆழமாகப் பார்த்திருந்த இடம். எல்லாம் கணக்குப் போட்டுச் செய்த சமரசங்கள். ஏன் என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது.

அடுத்த வாரம் ஊரின் நான்கு மூலைக்கும் சைக்கிளில் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முதல் வீடு. மாதம் எவ்வளவு சேமிப்பீங்க அக்கா என்று கேட்டேன். அந்த அக்கா கேள்வித்தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடன் எவ்வளவுன்னு இதுல கேள்வியே இல்லையே தம்பி?"

உண்மைதான், இல்லை. எங்கள் தெருவில் அந்தக் கேள்வி தேவைப்படவே இல்லை. அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து நூறு தாளிலும் பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்.

மார்க் சுமார்தான் வந்தது. பரவாயில்லை. புராஜெக்ட் செய்யப்போகும் ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை: கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுக்கும் முன்னால் "ஏன் இந்தத் தெரு?" என்று நீங்களே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.