2009-ல் நான் நடத்திய பாடத்தில் ஒரு திருத்தம்



கொஞ்சம் நீளமான பதிவு. 2008-09-ல் என்னிடம் பிளஸ் டூ விலங்கியல் படித்தவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள். அந்த வருடம் ஜனவரியில் சிலபஸில் இல்லாத ஒரு பாடம் நடத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? பேப்பர் கட்டிங் ஒன்றை நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டு, பரீட்சை நெருங்கும் நேரத்தில் ஒரு முழு பீரியடை அதற்குச் செலவழித்தேன்.

ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி ஆகியோர் இருந்த குழு, 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தது. நம் பக்கத்துப் பெயர்களை அந்த இதழில் பார்த்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. விஷயம் இதுதான். 11-வது குரோமோசோமில் இதயத் தசைக்கான ஒரு புரதத்தைச் செய்யும் மரபணு இருக்கிறது. அதன் பெயர் எம்.ஒய்.பி.பி.சி.3. சிலருக்கு அதில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. நம் மரபணுத் தொகுப்பின் சுமார் 300 கோடி எழுத்துகளில் வெறும் 25! இந்தக் குறை உள்ளவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு அதிகம் என்றது ஆய்வு. இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு இது இருக்கிறது, ஏறக்குறைய 30,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்றும் சொன்னது. நடுத்தர வயதுக்குப் பிறகே நோய் தலைகாட்டுவதால், அதற்குள் பிள்ளை பெற்றுவிடுகிறார்கள். அதனால்தான் இயற்கைத் தேர்வு அதை வடிகட்டவில்லை என்று விளக்கினேன். நல்ல பாடம்தான். ஆனால் அதோடு நிற்காமல், "இந்த வகுப்பில் 50 பேர், கணக்குப்படி உங்களில் ரெண்டு பேருக்கு இது இருக்கும்" என்றேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் அழுதுவிட்டாள். அவள் அப்பா அந்த வருடம்தான் மாரடைப்பில் போயிருந்தார். அது தெரிந்தும் பேசியிருக்கிறேன்.

இனி வீட்டுக் கதை. உறவினர்களில் பாதிப் பேருக்குப் பாதிக் கதை தெரியும்.

என் அண்ணன் 52 வயதில், கோபாலபுரம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சாய்ந்தார். ராயப்பேட்டை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் மகனை வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) 2014-ல் அவனுக்கு 27 வயது. நான்தான் விடாப்பிடியாக அந்த ஒரு குறையை மட்டும் பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தேன். 'இருக்கிறது' என்று ரிப்போர்ட் வந்தது. எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் நன்றாக இருக்கிறது, வருடம் ஒருமுறை வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார். விளையாடக் கூடாது என்று சொன்னது டாக்டர் இல்லை. நான்.

கோபாலபுரம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே போய் பிட்ச் பிடிக்கிற பையன் அவன். பேட்டைப் பரணில் போட்டான். அடுத்த வருடம் ஒரு நல்ல இடம் கூடி வந்தது. மறைத்துக் கல்யாணம் செய்வது பாவம் என்று பெண் வீட்டாரிடம் நானே ரிப்போர்ட்டைக் காட்டினேன். காபியைக் குடித்து முடித்துவிட்டு மரியாதையாகவே போனார்கள். பிறகு போன் வரவில்லை. அதன்பின் குட்டி ஜாதகமே எடுக்க விடவில்லை.

போன ஜூனில், பெங்களூரில் மரபணு ஆய்வு செய்யும் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். உன் பாடத்துக்கு நான் அன்றைக்கே விதை போட்டேன் என்கிற தோரணையில் இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். அவள் தோசையை அப்படியே வைத்துவிட்டு, "டீச்சர், அது இப்போ அப்படி இல்லையே" என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். 29சி பஸ்ஸில் பிக்பாக்கெட் நடந்த நாளிலெல்லாம் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் இருந்தான் என்று வையுங்கள். போலீஸ் அவன் மேல்தான் கண் வைக்கும். ஆனால் திருடியது அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் என்றால்? அந்த ஆள் இல்லாமல் சிவப்புச் சட்டை நூறு பஸ்ஸில் சும்மா போய் வந்திருக்கிறான், யாரும் எண்ணவில்லை.

இங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது. 25 எழுத்து விடுபட்ட ஒருவருடைய குரோமோசோமில், பிற்காலத்தில் அதே மரபணுவுக்குள் கொஞ்சம் தள்ளி இன்னொரு எழுத்து மாறியது. ரொம்ப நெருக்கத்தில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே சந்ததிக்குப் போகின்றன. பிரிட்டனில் தெற்காசிய வம்சாவளி நோயாளிகளை வைத்து 2020-ல் வந்த ஆய்வு, ஆபத்தின் பெரும்பகுதி அந்த இரண்டாவது மாற்றத்தால்தான் என்று காட்டியது. அமெரிக்காவில் சக்திவேல் சடையப்பன் குழு 2018-லேயே, குறை உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அதே மரபணுவில் வேறொரு மாற்றமும் கூட இருப்பதையும், அவர்கள் இதயம் மற்றவர்களுடையதைப் போல் இல்லை என்பதையும் சொல்லியிருந்தது. ஆக, 25 எழுத்துக் குறை மட்டும் தனியாக இருந்தால் ஆபத்து குறைவு. கூட யார் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

2009 ஆய்வு பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் அந்த இடத்தைக் காட்டாவிட்டால் பக்கத்தில் யாரும் தேடியே இருக்க மாட்டார்கள். அதன் பிறகு பதினாறு வருடம் ஒரு வரி கூடப் புதிதாகப் படிக்காமல், பழைய கட்டிங்கை வேதவாக்காக வைத்திருந்தது என் தப்பு.

மாணவி சொன்னபடி குட்டிக்கு மரபணு முழுவதையும் படிக்கும் பரிசோதனை செய்தோம், கூடவே அண்ணிக்கும். குட்டிக்கு 25 எழுத்துக் குறை ஒரு பிரதியில் மட்டும் இருக்கிறது. கூட்டாளி மாற்றம் எதுவும் இல்லை. அண்ணிக்கும் அச்சு அசல் அதே. 71 வயது, இன்றைக்கும் மூன்று மாடி ஏறி மொட்டை மாடியில் வடகம் காயப் போடுகிறார்! இத்தனை வருடமும் அது அண்ணனிடமிருந்து வந்தது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அண்ணியை ஒரு தடவை கூடப் பரிசோதிக்கத் தோன்றவில்லை. (அண்ணனுக்கும் இருந்திருக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். இருந்திருக்கலாம், வாய்ப்பு குறைவு. அண்ணன் ஏன் போனார் என்பதற்கு இனி பதில் கிடையாது. அவர் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்ததை மட்டும் நாங்கள் யாரும் ஒரு காரணமாகவே பேசியதில்லை.)

ரிசல்ட் வந்த அன்று குட்டியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, "என்னை மன்னிச்சிடு கண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தை, அன்னிக்கு அவங்ககிட்ட காட்டும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் பதில் இல்லை. இப்போது அவனுக்கு 38.

இப்போது உங்களுக்கு. வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி வந்தாலோ, முதலில் இதய டாக்டரிடம் போய் இ.சி.ஜி., எக்கோ எடுங்கள். மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும். 25 எழுத்துக் குறை என்று ஏற்கெனவே ரிப்போர்ட் வாங்கியிருப்பவர்கள், மரபணு முழுவதையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். வருடாந்திர எக்கோவை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். நான் டீச்சர்தான், டாக்டர் இல்லை.

அந்த பேட்ச் பிள்ளைகளே, என் பேச்சைக் கேட்டு யாராவது பரிசோதனை செய்தீர்களா, எதையாவது விட்டுவிட்டீர்களா? கமெண்டில் எழுத வேண்டாம், போன் செய்யுங்கள். மூன்றாவது பெஞ்சில் அழுத பெண்ணே, உன் பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ அவசியம் கூப்பிடு. மதியம் தூங்குவேன், ஐந்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.