நாலாவது லைனைத் திட்டியவன்

ஒரு பெடியனை ஒரு குளிர்காலம் முழுக்க நான் கேவலமாகப் பேசினேன். அது அவன் காதுக்குப் போகவில்லை, போயிருந்தாலும் அவனுக்கு ஒன்றும் குறைந்திருக்காது. பெயர் ஃப்ரேசர் மின்டன். 2024-25 சீசனில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் கீழ் லைன்களில் வந்துபோன இருபது வயதுக்காரன்.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் சனிக்கிழமை இரவுகளில் ஆட்டம் பார்க்க ஒரு கூட்டம் சேரும். கிரிக்கெட்டில் ஊறி வந்தவர்கள். பக் என்ற அந்த ரப்பர் வட்டு எங்கே போகிறது என்றே கண் பிடிபடாத நாட்களில் அவர்களுக்கு ஆஃப்சைடையும் ஐசிங்கையும் விளக்கிச் சொன்னவன் நான். அதனால் எனக்கு ஒரு வாத்தியார் இடம் கிடைத்தது. வாத்தியாருக்குக் குட்டுவதற்கு ஒரு தலை வேண்டுமே. அணியின் நட்சத்திரம் ஓஸ்டின் மத்யூஸின் தலையில் கை வைக்க முடியாது, கூட்டமே என்மேல் பாயும். ஆகவே நாலாவது லைனில் கை வைத்தேன். அங்கே ஆடுகிறவனுக்காகப் பரிந்து பேச யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இதை இப்போது எழுதும்போதுதான் கூசுகிறது, அப்போது கூசவில்லை.

“இவன் என்னதான் செய்யிறான்? ஓடுறான், இடிக்கிறான், வந்து பெஞ்சில இருக்கிறான்.” இதுதான் என் வசனம். ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும். கைபேசியை எடுத்துக் கோல் கணக்கைக் காட்டுவேன். லீஃப்ஸுக்காக அந்த சீசனில் அவன் ஆடியது 15 ஆட்டம். 2 கோல், 2 அசிஸ்ட். “நாலு பொயின்ட்! இதுக்கு நானே இறங்கலாம்” என்பேன். எனக்கு ஸ்கேட்டிங் தெரியாது.

எனக்கு விஷயம் தெரியாமல் இருந்து இப்படிப் பேசியிருந்தால் இந்த வாக்குமூலத்துக்கே தேவை இருந்திருக்காது. தெரிந்தேதான் பேசினேன். ஒரு அணியில் பன்னிரண்டு முன்கள வீரர்கள், மூன்று மூன்று பேராக நாலு லைன். ஒரு தடவை இறங்கி ஆடும் ஷிஃப்ட் முக்கால் நிமிடம்தான், அதற்குமேல் முழு வேகத்தில் ஓட எவனாலும் முடியாது. முதல் லைன் இருபது நிமிடத்தை ஒட்டி ஆடும், நாலாவது லைனுக்கு எட்டு நிமிடம், பத்து நிமிடம். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குக் கோல் அடிக்கும் வேலை எப்போதாவதுதான் வரும்.

ஒரு சாதாரண ஷிஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பீரியட். அணிகள் பக்கம் மாறியிருப்பதால் தற்காப்பு வீரர்களுக்குத் தங்கள் பெஞ்ச் தூரமாகிவிடும், ஆள் மாற்றுவது கடினம். நாலாவது லைன்காரன் பக்கை எதிராளியின் மூலைக்குள் தள்ளிவிட்டுத் துரத்துகிறான். எடுக்கப்போன தற்காப்பு வீரனைப் பலகைச் சுவரோடு சேர்த்து மோதுகிறான். பக் இருவரின் கால்களுக்கிடையில் சிக்குகிறது. முதுகைக் கொடுத்து, ஸ்கேட்டால் உதைத்து, பத்து விநாடி அதை வெளியே விடாமல் வைத்திருக்கிறான். இன்னொருவன் வந்து அதே வேலையைத் தொடர்கிறான். கோலை நோக்கி ஒரு அடிகூட இல்லை. ஆனால் எதிராளியின் ஐந்து பேரும் ஒரு நிமிடத்துக்குமேல் பனியில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிறார்கள். நம்மவர்கள் ஒவ்வொருவராக நழுவி பெஞ்சுக்கு வர, புதுக்காலோடு மத்யூஸ் லைன் இறங்குகிறது. அடுத்த பத்து விநாடியில் கோல். பேஸ்மென்டில் எல்லோரும் மத்யூஸ் பெயரைச் சொல்லிக் கத்துகிறோம். சுவரோடு முதுகைக் கொடுத்தவன் அப்போது பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான். கோல் கணக்கில் அவன் பெயர் வராது. இதையெல்லாம் என்னால் கூட்டத்துக்கு விளக்கியிருக்க முடியும், விளக்கவில்லை. விளக்கினால் என் பகிடி செத்துவிடும்.

அவன் வளர்ந்து வந்த பாதையையும் நான் எனக்கு வசதியாக வளைத்தேன். 2022 இளம் வீரர் தெரிவில் 38ஆவது இடத்தில் எடுத்த பெடியன். அந்த இடமே எப்படி வந்தது என்றால், பீற்றர் ம்ராஸெக் என்ற கோல்காப்பாளரின் சம்பளத்தைத் தலையிலிருந்து இறக்கிவைக்க, லீஃப்ஸ் அவரையும் தங்கள் 25ஆவது தெரிவையும் சிக்காகோவுக்குக் கொடுத்து 38ஐ வாங்கியது. “கழிவுக்கு வந்த பெடியன்” என்று நான் பட்டப்பெயர் வைத்தேன். 2023 ஒக்டோபரில் பத்தொன்பது வயதில் அணியில் இடம் பிடித்து நாலு ஆட்டம் ஆடினான், பிறகு காம்லூப்ஸ் ஜூனியர் அணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். “தாக்குப்பிடிக்கேல்லை” என்றேன். அந்த வயதில், கனடிய ஜூனியர் லீக்கிலிருந்து வந்தவனுக்கு அப்போது இருந்தது இரண்டே வாசல்: ஒன்று என்எச்எல், இல்லாவிட்டால் பழையபடி ஜூனியர். நடுவில் உள்ள ஏஎச்எல்லுக்கு அனுப்ப விதி இடம்கொடுக்கவில்லை. பத்தாவது ஆட்டத்தைத் தொடுமுன் திருப்பி அனுப்பினால் அவனுடைய ஒப்பந்தத்தில் ஒரு வருடம் மிச்சம். அனுப்பியதன் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது. அந்தக் குளிர்காலமே சுவீடனில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் அவன்தான் கனடாவின் கேப்டன். இதை என் கூட்டத்துக்கு நான் சொல்லவே இல்லை. கனடா காலிறுதியில் கடைசி நொடிகளில் செக்கிடம் தோற்றதை மட்டும் சொன்னேன்.

அடுத்த சீசன் தொடங்குமுன் கணுக்காலில் அடி. ஆறியபின் லீஃப்ஸின் ஏஎச்எல் அணியான மார்லீஸில் ஆடி, நவம்பரில் மேலே வந்து வேகாஸுக்கு எதிராக முதல் கோலைப் போட்டான். அதன்பின் மேலும் கீழுமாக. இளம் வீரனை மேலே நாலாவது லைனில் எட்டு நிமிடம் ஆடவிடுவதா, கீழே இருபது நிமிடம் கொடுத்துப் பழக்குவதா என்பது பயிற்சியாளர்களே இன்னும் முடிவு காணாத வழக்கு. எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் லாபம். அவன் மேலே இருந்தால் “பெஞ்சில் வைத்துப் பெடியனை வீணாக்குகிறார்கள், இவன் இன்னும் பழுக்கவில்லை” என்பேன். கீழே போனால் “நான் சொன்னேன்தானே?” என்பேன்.

காசுக் கணக்கையும் மறைத்தேன். அந்த சீசனில் ஒரு அணியின் சம்பள உச்சவரம்பு 88 மில்லியன் டொலர். மத்யூஸ், நைலாண்டர், டவாரஸ், மார்னர் என்ற நாலு பேருக்கே 46 மில்லியனுக்கு மேல் போய்விடும். மற்ற எல்லோரும் மீதியில் பிரித்துக்கொள்ள வேண்டும். அடிமட்டச் சம்பளம் 7,75,000 டொலர். அதற்குக் கிட்டத்தட்ட வாங்கிக்கொண்டு, முகம் சுளிக்காமல் பெனால்டி நேரத்தில் இறங்கி அடிகளை உடம்பில் வாங்கக்கூடிய இளசுகள் இல்லாவிட்டால் நட்சத்திரங்களை வைத்திருக்கவே முடியாது. நாங்கள் கொண்டாடிய மத்யூஸ், நாங்கள் நக்கலடித்தவர்களின் சம்பளச் சிக்கனத்தில்தான் நின்றார்.

என் தங்கச்சியின் மகளுக்குப் பதின்மூன்று வயது. பெண்கள் அணியில் ஆடுகிறாள், அவளும் கடைசி லைன். ஒரு சனிக்கிழமை படிக்கட்டில் இருந்து எங்களோடு ஆட்டம் பார்த்தாள். நான் வழக்கமான வசனத்தை எடுத்துவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“மாமா, அவன் கோல் அடிக்கவா போனவன்? எதுக்கு இறக்கினவங்கள் எண்டு பாருங்கோ.”

“கணக்கில இல்லாட்டி எப்பிடிப் பிள்ளை தெரியும்?” என்றேன், கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

“அப்ப என்ட கேமுக்கு வந்தும் இதைத்தான் பாத்தனீங்களோ?”

பதில் சொல்லாமல் சத்தத்தைக் கூட்டினேன். அவளுடைய ஆட்ட அட்டவணை என் கைபேசிக்கு வருவது அதோடு நின்றது. அது வராததைக் கவனிக்கவே எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. இதுதான் இதில் மோசமான பகுதி.

அன்றிரவு வீட்டுக்குப் போன பிறகு அவள் ஒரு வீடியோவை அனுப்பியிருந்தாள், குறிப்பு எதுவும் இல்லாமல். 2013 ஜூன் 5, பொஸ்ரனும் பிற்ஸ்பேர்க்கும் மோதிய அரையிறுதியின் மூன்றாவது ஆட்டம். பொஸ்ரனின் நாலாவது லைன் சென்டர் கிரெகரி கேம்பல், அணிக்கு ஒரு ஆள் குறைந்திருந்த நேரத்தில், யெவ்கெனி மால்கின் அடித்த பக்கின் குறுக்கே விழுகிறார். வலக்கால் எலும்பு உடைகிறது. எழும்புகிறார். ஆட்டம் நிற்கவில்லை, பெஞ்சுக்குப் போய் ஆள் மாறும்வரை நாலு பேர் மூன்று பேராகிவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம், உடைந்த காலில் எடை வைக்க முடியாமல் நொண்டி நொண்டி, பக் போகும் திசைக்குக் குறுக்கே தன் உடம்பை நகர்த்திக்கொண்டே இருக்கிறார். பக் வெளியேறிய பிறகுதான் பெஞ்சுக்கு வருகிறார். பொஸ்ரன் அன்று இரண்டாவது மேலதிக நேரத்தில் 2-1 என்று வென்றது. கேம்பலின் பெயரில் கோலும் இல்லை, அசிஸ்டும் இல்லை.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை திருந்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? 2025 மார்ச் 7ஆம் தேதி பிரண்டன் கார்லோ என்ற தற்காப்பு வீரருக்காக மின்டனையும், ஒரு முதற்சுற்றுத் தெரிவையும், இன்னொரு தெரிவையும் லீஃப்ஸ் பொஸ்ரனுக்குக் கொடுத்தது. “என்னண்ணை, பெடியனை வித்துப்போட்டாங்களே” என்று ஒருவன் கேட்டான். “நல்ல வியாபாரம்” என்றேன். நாலு பொயின்ட்காரனைப் பொஸ்ரன் ஏன் வாங்குகிறது என்று அவன் யோசித்திருந்தால் என் வாத்தியார் வேலை அன்றே போயிருக்கும். நல்லவேளை, அவன் யோசிக்கவில்லை. இப்போது மின்டன் பொஸ்ரன் உடுப்பில் ரொறன்ரோவுக்கு எதிராக இறங்கும்போது நான் பக்கை விட்டுவிட்டு அவனையே பார்க்கிறேன். வாய் திறப்பதில்லை.

மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை மாமா” என்றாள். அட்டவணை இன்னும் வரவில்லை. தங்கச்சியிடம் கேட்டு வாங்கலாம், அது வேறு விஷயம். நண்பர்களிடம் இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர்கள் இந்த சீசனுக்குப் புதிதாக ஒரு நாலாவது லைன்காரனைப் பிடித்திருக்கிறார்கள். “ஓடுறான், இடிக்கிறான்” என்று என் வசனத்தையே எனக்குச் சொல்லிக் காட்டுகிறார்கள். போன சனிக்கிழமையும் நான் சிரித்தேன்.