கம்ப்யூட்டருக்குக் காவல்காரன் தேடிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் 1998 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "அப்பாவுக்கு வீட்டுல கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கேன். எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?" அரை மணி நேரத்தில் பத்துப் பதினைந்து பதில்கள் வந்துவிட்டன. காசு கொடுத்து வாங்குவதுதான் நல்லது என்றான் ஒருவன். எல்லாமே வியாபாரம், எதுவும் வேண்டாம் என்றான் இன்னொருவன். நான் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

காரணம் இருக்கிறது. இதே கேள்வியை நான் யாரிடமும் கேட்காமல் விட்டதால் 6,800 ரூபாய் போனது. என் மகனைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2019-இல் மகன் வாங்கி வைத்தது. பேத்தியோடு வீடியோவில் பேசுவேன், பென்ஷன் வந்ததா என்று வங்கிக் கணக்கைப் பார்ப்பேன். இதைவிட முக்கியமாக அதில் ஒன்று இருக்கிறது: 31 வருடத்து ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோக்கள். உங்களில் பலர் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். ஸ்டூடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்து வைத்தேன். அசல் படங்களில் பாதியை அலமாரியில் கரையான் தின்றுவிட்டது. அந்த வருடங்களுக்குக் கம்ப்யூட்டரில் இருப்பது மட்டும்தான்.

வாங்கும்போதே அதில் ஒரு ஆன்டிவைரஸ் சில மாதங்களுக்கு இலவசமாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலம் முடிந்ததும், "காலாவதியாகிவிட்டது, உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது" என்று தினமும் திரையின் மூலையில் எச்சரிக்கை வரும். நான் அதை மூடுவேன். மூடிவிட்டு உள்ளுக்குள் பயப்படுவேன். மகனிடம் கேட்கலாம். ஆனால் போன தடவை ஏதோ கேட்டபோது, "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், எத்தனை தடவை சொல்றது" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் அதன்பிறகு கேட்கக் கூச்சமாகிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் ஓய்வூதியர் நேர்காணல் படிவத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எதையோ அழுத்த, திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. சைரன் மாதிரி சத்தம். "ஐந்து வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணை அழையுங்கள்." எனக்குக் கை நடுங்கியது. எண்ணை ஒரு தாளில் எழுதி, மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அழைத்தேன்.

முதலில் இந்தியில் பேசினார்கள், அப்புறம் தமிழ் பேசும் ஒரு பையனிடம் கொடுத்தார்கள். என்ன மரியாதை! ஒரு வார்த்தைக்கு இரண்டு "மேடம்". ஒரு மென்பொருளைப் பதிவிறக்கச் சொன்னான், அதில் வந்த எண்ணைக் கேட்டான், சொன்னேன். அடுத்த நிமிடம் என் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து, வரிசையாகச் சிவப்புக் குறிகளைக் காட்டி, "எல்லாமே வைரஸ் மேடம்" என்றான். ஐந்து வருட ஆன்டிவைரஸ் 6,800 ரூபாய். போட்டோவெல்லாம் அழிந்துவிடுமா என்று கேட்டேன். "இப்பவே போட்டா காப்பாத்திடலாம்" என்றான். அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வேறொருவர் அழைத்து, "கூடுதலாக எடுத்துவிட்டோம், திருப்பித் தருகிறோம், வங்கிக் கணக்கைத் திறங்கள்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபோனை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். மூன்று வாரம் அதன் பக்கமே போகவில்லை. மகன் கேட்டபோது, "கரண்ட் சரியில்லை" என்று பொய் சொன்னேன்.

இதை வெளியே கொண்டுவந்தவன் நம் பிள்ளைகளில் ஒருவன்தான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். டவுனில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். புதுமனை புகுவிழாப் பத்திரிகை வைக்க வந்தவன், மானிட்டரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டான்.

"இது என்ன நம்பர் டீச்சர்?"

சொல்லத் தொடங்கினேன், பாதியில் அழுதுவிட்டேன். அவன் சிரிக்கவில்லை, திட்டவில்லை. "மாசத்துக்கு ரெண்டு மூணு பேர் இப்படி வர்றாங்க டீச்சர். அதுல ஒருத்தர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்" என்றான். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதல்.

முதலில் வேறு ஃபோனிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை எல்லாம் மாற்ற வைத்தான். வங்கிக்குத் தகவல் சொல்ல வைத்தான். 1930 என்ற எண்ணில் புகார் சொல்லச் சொன்னான். பணம் போன உடனே அந்த எண்ணை அழைத்தால், அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டாம். நான் அழைத்தது மூன்று வாரம் கழித்து. பணம் வரவில்லை. பிறகு போட்டோக்களைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை முழுவதும் துடைத்து விண்டோஸை புதிதாக ஏற்றினான். யாரோ உள்ளே நுழைந்து கை வைத்த கம்ப்யூட்டரை அப்படியே நம்பக்கூடாது என்றான். அவன் காட்டியது "எல்லாமே வைரஸ்" இல்லை, எந்த விண்டோஸிலும் சாதாரணமாகப் பதிவாகும் சின்னச் சின்னப் பிழைகளின் பட்டியல் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் கேட்டேன்: "அந்த ஐந்து வருட ஆன்டிவைரஸ் ஏன் இதையெல்லாம் பிடிக்கவில்லை?"

"அவன் எதையுமே போடல டீச்சர். போட்டிருந்தாலும் பிடிச்சிருக்காது" என்றான். ஆன்டிவைரஸ் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் பாடம் எடுத்தான். நான் அதை நம் பள்ளிக்கூட பாஷையில் சொல்கிறேன்.

உங்கள் டி.சி.யில் இரண்டு விஷயம் எழுதியிருப்போம், நினைவிருக்கிறதா? அங்க அடையாளம் ஒன்று, நடத்தை ஒன்று. ஆன்டிவைரஸ் பார்ப்பதும் இந்த இரண்டைத்தான். ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் மச்சம், தழும்பு எல்லாம் அதன் பதிவேட்டில் இருக்கும். வருகிற ஒவ்வொரு கோப்பையும் அதோடு ஒப்பிடும். தினமும் புதிய வைரஸ்கள் வருவதால் பதிவேட்டைத் தினமும் புதுப்பிக்க வேண்டும். அடையாளம் தெரியாதவனாக இருந்தால் நடத்தையைப் பார்க்கும். ஒரு நிமிடத்தில் நூறு போட்டோவைத் திறந்து மாற்றி எழுதினால், இவன் நல்லவன் இல்லை என்று நிறுத்தும். ஆனால் நான் பதிவிறக்கிய அந்த மென்பொருள் திருட்டு மென்பொருளே இல்லை. கம்பெனிகளில் தூரத்திலிருந்து கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கப் பயன்படுத்துவது. மச்சமும் சரி, நடத்தையும் சரி. கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டது நான். வீட்டுக்காரியே கூப்பிட்ட விருந்தாளியைக் காவல்காரன் எப்படித் தடுப்பான்?

இப்போது அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எந்த ஆன்டிவைரஸ்? நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது. தனிக்காசு கிடையாது. "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தேடித் திறந்தால் பச்சைக் குறி தெரியும். வேறு ஆன்டிவைரஸ் போட்டால் இது தானாக ஒதுங்கிக்கொள்ளும். எனக்கு அந்தக் "காலாவதி" எச்சரிக்கை வந்த நாட்களில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். பழையதை நீக்கிவிட்டு, டிஃபெண்டர் விழித்திருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதும். என்னைப் போல மின்னஞ்சல், வங்கி, வீடியோ என்று இருப்பவர்களுக்கு இது போதுமானது. நான் இப்போது வைத்திருப்பதும் இதுதான்.

2. காசு கொடுத்து வாங்குவது வீண் என்று சொல்லமாட்டேன். வீட்டில் பிள்ளைகள் கண்டதையும் பதிவிறக்குகிறார்கள், ஒரே சந்தாவில் நாலைந்து கருவிகளுக்கும் வேண்டும், கோளாறு என்றால் ஃபோனில் கேட்க ஆள் வேண்டும் என்றால் வாங்கலாம். நம் நாட்டு நிறுவனங்களே இருக்கின்றன. கே7 சென்னையில் 1991-இல் தொடங்கியது. குவிக் ஹீல் புனேக்காரர்களுடையது, பழுது பார்க்கும் கடையிலிருந்து வளர்ந்தது. வாங்கும்போது முதல் வருட விலையை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று பாருங்கள். பணம் தானாகக் கழியும் ஏற்பாடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. எது நல்லது என்பதைக் கடைக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். இதற்கென்றே பரீட்சை வைக்கும் இடங்கள் உண்டு. ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏவி-கம்பேரடிவ்ஸ். ஏவி-டெஸ்டில் மூன்று பாடம்: பாதுகாப்பு, கம்ப்யூட்டரின் வேகத்தைக் குறைக்காமை, நல்லவனைத் திருடன் என்று சொல்லாமை. பாடத்துக்கு 6 மதிப்பெண், மொத்தம் 18. ரேங்க் கார்டு இணையத்திலேயே இருக்கிறது. டிஃபெண்டரும் இந்தப் பரீட்சைகளை எழுதுகிறது.

4. இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றாகப் போடாதீர்கள். இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்போம். ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுக் கம்ப்யூட்டரை நகரவிடாது.

5. காவல்காரனிடம் வீட்டின் எல்லாச் சாவியும் இருக்கும். அதனால் யாரிடம் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அது வைரஸ் தாக்குதல் இல்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான புதுப்பிப்பு. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இலவச ஆன்டிவைரஸுக்குப் பேர்போன அவாஸ்ட், பயனாளிகள் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக, அதே 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டவைத்தது. இலவசம் என்றால் விலை வேறு எங்கோ எழுதியிருக்கலாம்.

6. எல்லாவற்றையும்விட முக்கியம், விண்டோஸ் கேட்கும் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது. 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற வைரஸ் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே திணறிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. வீட்டுப்பாடத்தை இரண்டு மாதம் தள்ளிப்போட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. அப்பா அம்மா வீட்டில் இன்னும் பழைய விண்டோஸ்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். சுவரில் ஓட்டை இருக்கும்போது வாசலில் காவல்காரன் நின்று பயனில்லை.

இன்னும் இரண்டு விஷயம். திரையில் ஃபோன் எண்ணோடு வரும் எச்சரிக்கை நூற்றுக்கு நூறு பொய். உண்மையான ஆன்டிவைரஸோ மைக்ரோசாஃப்டோ "இந்த எண்ணை அழை" என்று சைரன் அடிக்காது. பிரவுசரை மூடுங்கள். மூட முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள், எதுவும் வெடிக்காது. அதேபோல, வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடாதீர்கள். பத்திரிகை படமாக வரும், பி.டி.எஃப். ஆக வரும். ஏ.பி.கே. என்பது ஃபோனில் ஏறி உட்காரும் செயலி.

நான் வகுப்பில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்: "தெரியலைன்னா கையைத் தூக்கு, கேக்குறதுல வெட்கம் இல்ல." நானே கையைத் தூக்கவில்லை. பயம் என்னை ஏமாற்றியது பாதிதான், கூச்சம்தான் மீதியைச் செய்தது. பிள்ளைகளே, உங்கள் அப்பா அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: "கம்ப்யூட்டர்லயோ ஃபோன்லயோ பயமா ஏதாவது வந்தா, எந்த நேரமா இருந்தாலும் எனக்குக் கூப்பிடு. திட்ட மாட்டேன்." ஆன்டிவைரஸ் வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள். என் மகனிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்கிட்ட கேக்க முடியாம போச்சேம்மா" என்றான். இப்போது மானிட்டர் ஓரத்தில் அதே இடத்தில் வேறு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் இரண்டு எண்கள்: ஒன்று அவனுடையது, இன்னொன்று கடைக்காரப் பிள்ளையுடையது.

கடைசியாக அந்தப் போட்டோக்கள். எந்தக் காவல்காரனும் நூறு சதவீதம் இல்லை. அதனால் முக்கியமானதை மூன்று பிரதியாக வைக்க வேண்டும், இரண்டு வேறு வேறு பொருளில், அதில் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே என்று அவன் கணக்குச் சொன்னான். கம்ப்யூட்டரில் ஒன்று இருக்கிறது. தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று போட்டு, வேலை முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டிய மூன்றாவது பிரதி உங்களிடம்தான் இருக்கப்போகிறது. எந்த வருடம் ஐந்தாம் வகுப்பு படித்தீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். உங்கள் குரூப் போட்டோவை அனுப்பி வைக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் தொலைந்தால் உங்களிடம்தான் கேட்பேன். இந்தத் தடவை கூச்சப்படாமல் கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்