இறுகிப்போன திருகு

குடகில் கைல் போள்து நெருங்கும்போது துப்பாக்கிகள் சுவரிலிருந்து இறங்குகின்றன. மழைக்காலம் அவற்றுக்குச் செய்த வேலையும் அப்போதுதான் தெரியவருகிறது

ஆகஸ்ட் மாதக் கடைசி. மழை இன்னும் விட்டபாடில்லை. மடிக்கேரியின் சரிவான தெரு ஒன்றில் இருக்கும் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறைக்குள், குடையை மடக்கியபடி நுழைகிறார் ஒரு காப்பித் தோட்டக்காரர். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். கையில் சாக்குத் துணியில் சுற்றிய பாயின்ட் 22 ரைஃபிள். பின்னாலேயே, பேச விருப்பமில்லாத முகத்துடன் பேரன்.

பட்டறைக்காரர் எதையும் கேட்பதற்கு முன் ரைஃபிளின் போல்ட்டை வெளியே இழுக்கிறார். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தோட்டா எதுவும் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் பேச்சு.

பிரச்சினை அடிப்பக்கத்தில் இருக்கிறது. குழலையும் இயந்திரப் பகுதியையும் மரக்கட்டையோடு பிணைக்கும் திருகு அசைய மறுக்கிறது. அதன் தலையில் உள்ள பள்ளம் இரண்டு பக்கமும் பிய்ந்து, உலோகம் பளபளக்கிறது. வீட்டில் கிடந்த திருப்புளியால் யாரோ பலமாக முயன்றிருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்பது பேரனின் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

செப்டம்பர் 3ஆம் தேதி கைல் போள்து. கொடவர்களின் ஆயுதத் திருவிழா. நாற்று நட்டு முடித்த கையோடு வருவது. விழாவுக்கு முன் துப்பாக்கிகளையும் கத்திகளையும் துடைத்து வீட்டின் பூஜை அறையில் வைத்துவிடுவார்கள். விழாவன்று விளக்கின் முன் அவற்றை வைத்து வணங்குவார்கள். துப்பாக்கியின் மேல் ஒரு பூவைச் சூட்டுவார்கள். அதற்குக் குடகில் தோக் பூ என்று பெயர். தோக் என்றால் துப்பாக்கி. தமிழர்களுக்கு அது வேறு யாருமல்ல, செங்காந்தள்தான். தமிழ்நாட்டின் மாநில மலர். பிறகு கடம்புட்டும் பன்றிக்கறியும். சாப்பாடு முடிந்ததும் மைதானத்தில் தேங்காய் சுடும் போட்டி.

அந்தப் போட்டியில்தான் வினை தொடங்கியது. போன வருடம் பேரன் சுட்டதெல்லாம் தேங்காய்க்கு அருகில் போயின. தேங்காய் மட்டும் அப்படியே இருந்தது. திருகு தளர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டியவன், வீட்டுக்கு வந்ததும் முழு பலத்தையும் கொடுத்து முறுக்கினான். திருகு கொஞ்சம் உள்ளே போனது. இன்னும் தளர்வு இருக்கிறது என்று நினைத்து மறுபடி முறுக்கினான். உண்மையில் இறங்கியது தளர்வு அல்ல. அடியில் இருந்த மரம் நசுங்கிக்கொண்டிருந்தது.

மீதி வேலையை மழை பார்த்துக்கொண்டது. குடகில் ஜூனில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை லேசில் விடாது. ஈரம் குடித்த மரக்கட்டை உப்பித் திருகை நெருக்குகிறது. மரைகளுக்கு இடையே துரு பிடிக்கிறது. தின்றுவிட்ட இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்வது; எனவே இருக்கிற சந்தும் அடைபட்டுப்போகிறது.

துளையிட்டுத் திருகின் தலையை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கிறார் தாத்தா. அதற்கு இப்போது அவசியமில்லை என்கிறார் பட்டறைக்காரர். துளைக்கும் கருவி கொஞ்சம் நழுவினாலும் இயந்திரப் பகுதியின் மரை கெட்டுப்போகும். ரைஃபிள் தாத்தாவின் தகப்பனார் காலத்தது. இந்த மாதிரிக்கு இன்று உதிரி பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அவர் செய்யும் முதல் காரியம் ரைஃபிளைத் தொடுவதே இல்லை. ஒரு பழைய திருப்புளியை எடுத்து அரத்தால் ராவ ஆரம்பிக்கிறார். வீட்டுத் திருப்புளியின் முனை ஆப்பு போலச் சரிந்திருக்கும். துப்பாக்கித் திருகின் பள்ளமோ செங்குத்தான சுவர் கொண்டது. ஆப்பு பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டுமே பிடிக்கும்; பலம் கொடுத்தால் மேலேறி வழுக்கி விளிம்பைப் பிய்க்கும். முனையின் இரு பக்கங்களும் இணையாக இருக்க வேண்டும். பள்ளத்தின் அடிவரை இறங்க வேண்டும். அகலம் திருகுத் தலையைத் தாண்டக் கூடாது. அரை மணி நேரம் ராவி ராவிப் பொருத்திப் பார்க்கிறார்.

அடுத்து, ஊடுருவும் எண்ணெயில் சில சொட்டுகள். இரவு முழுவதும் ஊற வேண்டும், நாளை வாருங்கள் என்கிறார். பேரனுக்கு ஏமாற்றம். தாத்தா எதுவும் சொல்லவில்லை.

குடகில் துப்பாக்கி வெறும் பண்டிகைப் பொருள் இல்லை. ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வேட்டு; சாவு என்றால் அடுத்தடுத்து இரண்டு வேட்டு. அறுவடைத் திருநாளான புத்தரியில் முதல் கதிரை அறுக்கும்போதும் வேட்டுச் சத்தம் கேட்கும். 1861இல் மார்க் கப்பன், ஆயுதம் பறிக்கும் சட்டத்திலிருந்து கொடவர்களுக்கு விலக்கு அளித்தார். சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டமும் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் அந்த விலக்கைத் தொடர்ந்தது. மத்திய அரசு 2019இல் அதை மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது. எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் விலக்கு செல்லும் என்றது.

உரிமை நிலைத்தது, உபயோகம் சுருங்கிவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை இல்லை. முன்பு அடிக்கடி கையில் எடுத்துத் துடைத்த துப்பாக்கி, இப்போது மாதக்கணக்கில் சுவரிலேயே தொங்குகிறது. கழற்றி மாட்டும் பழக்கம் பெரியவர்களோடு நின்றுபோகிறது. இளையவர்களுக்குச் சுடத் தெரிகிறது, ஒரு திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது தெரிவதில்லை.

மறுநாள் காலை. தோல் பதித்த தாடைகளுக்கு நடுவே ரைஃபிள் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கிறது. சுடேறிய சால்டரிங் அயர்னின் முனையைத் திருகின் தலையில் மட்டும் கொஞ்ச நேரம் வைக்கிறார் பட்டறைக்காரர். சூட்டில் திருகு விரிந்து, ஆறும்போது சுருங்கும். துருவின் பிடி விடும். தீச்சுவாலை பக்கத்தில் வரக் கூடாது. மரம் கருகும், எஃகின் பதம் கெடும். பிறகு திருப்புளியைப் பள்ளத்தில் இறக்கி, அதன் தலையில் சிறு சுத்தியலால் நாலைந்து தட்டு. முழு உடம்பின் பாரத்தையும் கீழ்நோக்கிக் கொடுத்து, முதலில் இறுக்கும் திசையிலேயே ஒரு மயிரிழை திருப்புகிறார்.

“இன்னும் இறுக்குகிறீர்களே?” என்று பதறுகிறான் பேரன்.

“எந்தப் பக்கம் அசைந்தாலும் அசைவுதானே, தம்பி.”

டக்கென்று ஒரு சத்தம். இப்போது எதிர்த்திசையில் கால் சுற்று. மறுபடி எண்ணெய். உள்ளே, வெளியே என்று பத்துப் பன்னிரண்டு தடவை ஆட்டிய பிறகு, செம்மண் நிறத் துருவோடு திருகு கையில் வந்து விழுகிறது. மரத்தில் திருகு உட்கார்ந்த இடம் குழிந்திருக்கிறது. போன வருடத்துத் தேங்காய் தப்பியதற்குத் திருகு காரணமோ இல்லையோ, இந்த இறுக்கத்தோடு சுட்டிருந்தால் இந்த வருடமும் தப்பியிருக்கும் என்கிறார் பட்டறைக்காரர். கட்டை அளவுக்கு மேல் நெருக்கினால் இயந்திரப் பகுதி லேசாக வளையும், குண்டு போகுமிடம் மாறும்.

பள்ளத்தின் பிசிறை அரத்தால் நீக்கி, மரையைத் துடைத்து, எண்ணெய் பூசித் திருகைப் பேரனிடமே கொடுக்கிறார். அவன் மாட்டுகிறான். இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் திருகு நன்றாக உட்கார்ந்ததும், இன்னும் கொஞ்சம். கை மறுபடி பலம் சேர்க்கும்போது, “போதும்” என்கிறார்.

கூலியைக் கொடுத்துவிட்டுத் தாத்தா கிளம்பவில்லை. மேஜை மீது கிடந்த, ராவிய திருப்புளியைச் சுட்டிக்காட்டி, அதற்கு என்ன விலை என்று கேட்கிறார்.