குழாயைத் தொட்டா சுர்ருங்குது!

"வெந்நீர்க் குழாயைத் தொட்டா சுர்ருங்குதுடி" என்று அம்மா சொன்னபோது நான் லேப்டாப்பிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஈரக் கையோட சுவிட்சைத் தொட்டிருப்பம்மா" என்றேன். அப்போது நான் எழுதிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? 'மழைக்காலத்தில் மின்சாதனங்களைப் பராமரிப்பது எப்படி?' ஐப்பசி பிறந்தால் டிஜிட்டல் டெஸ்க்கில் இப்படி ஒரு கட்டுரை கட்டாயம் உண்டு. கீஸருக்கு அதில் இரண்டு வரி ஒதுக்கியிருந்தேன்.

எங்கள் வீடு மூலக்குளத்தில். பாண்டிச்சேரியில் குளிர் என்று பெரிதாக எதுவும் கிடையாது. மழை தொடங்கியதும் அம்மாவின் முட்டிவலிக்காக கீஸரைப் போடுவோம், மாசி முடிந்ததும் மறந்துவிடுவோம். வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. ஏசிக்கு சர்வீஸ் சொல்கிறோம், ஃப்ரிட்ஜைத் துடைக்கிறோம். சாமி படத்தைக்கூட வெள்ளிக்கிழமை துடைக்கிறோம். அதே உயரத்தில் தொங்கும் கீஸருக்கு அந்த பாக்கியம் இல்லை.

மூன்றாம் நாள் எனக்கே அடித்தது. விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி ஆரம்பித்து முழங்கை வரை ஏறியது. பயந்துபோய் வெளியே வந்து சொன்னால், "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார் அம்மா. மூன்று நாளாகத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டுதான் குழாயைத் திறந்திருக்கிறார். அதுவும் ஈரத்துண்டாக இருந்திருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்ததும் முதலில் மெயினை இறக்கினார். கீஸர் பக்கமே போகாமல் பிளக் பாயின்ட்டைக் கழற்றினார். "எர்த் ஒயரே இல்லையேம்மா." மூன்று பின் சாக்கெட்டில் மேலே இருக்கும் பெரிய ஓட்டை, எங்கள் வீட்டில் வெறும் ஓட்டைதான். பின்னால் எந்த ஒயரும் இல்லை.

"எம்சிபி இருக்கே அண்ணா, ஏன் விழலை?"

எனக்கு மட்டுமல்ல, பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. 2,000 வாட் கீஸர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அளவுக்கு மீறி இழுத்தாலோ ஷார்ட் ஆனாலோதான் எம்சிபி விழும். மனிதரைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். அந்தச் சின்னக் கசிவைப் பிடிப்பதற்கென்றே இருப்பது ஆர்சிசிபி. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் வகை போதும். எர்த் இருந்தால் கசிந்த உடனே அது விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால், யாராவது தொட்டு அவர் உடம்பு வழியாக கரன்ட் பாய்ந்தால்தான் அதற்கே விஷயம் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டுமே இல்லை.

சரி, கரன்ட் தண்ணீருக்குள் எப்படி வந்தது? தண்ணீரை வடித்துவிட்டு அண்ணன் அடித்தட்டைக் கழற்றியதும் பக்கெட்டில் கொட்டியது ஏதோ சுண்ணாம்புக் காளவாயிலிருந்து வந்தது போலிருந்தது. புதுச்சேரி பெரும்பாலும் நிலத்தடி நீரை நம்பியிருக்கும் ஊர். எங்கள் தெருவில் போர் தண்ணீரில் பருப்பு வேகவே அடம்பிடிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் உப்பு, சூடானதும் வெள்ளையாகப் பிரிந்து காயில் மேல் ஓடு மாதிரி படிகிறது. சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலுக்குள்ளேயே தங்குகிறது. ஒருநாள் அதன் உலோக உறை விரிசல் விடுகிறது. அதன்பிறகு கரன்ட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே தடை ஏது? எங்கள் காயிலில் விரிசல் கண்ணுக்கே தெரிந்தது.

"ராடைப் பாரு" என்று அண்ணன் நீட்டியது துருப்பிடித்த ஒரு கம்பி. புதிதில் அதன்மேல் விரல் தடிமனுக்கு மெக்னீசியம் இருந்திருக்கும். டேங்க்கின் இரும்பை அரிக்க வரும் தண்ணீர் முதலில் இந்த மெக்னீசியத்தை அரிக்கும்; இது தீர்ந்தபிறகுதான் இரும்பில் கைவைக்கும். 1824-லேயே ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கப்பல்களின் செம்புத் தகட்டைக் கடல்நீர் அரிக்காமலிருக்க இதே உபாயத்தைச் செய்து பார்த்திருக்கிறார். அதன் விலை சில நூறு ரூபாய்தான். உப்புத் தண்ணீர் ஊரில் வருடம் ஒருமுறை திறந்து பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அப்போதே காயிலில் படிந்ததையும் எடுத்துவிடலாம்.

அப்பாவுக்கு வேறு கவலை. சூடாகும்போது சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்று அதில் எம்-சீல் வைத்து அடைத்திருந்தார். அண்ணன் அதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் பேசவே இல்லை. சூடானால் தண்ணீர் விரியும். மிச்ச அழுத்தம் வெளியேறத்தான் அந்த வழி. வால்வையும் மாற்றினோம். தெர்மோஸ்டாட்டை 75-லிருந்து 55-க்கு இறக்கினார். சூடு குறைந்தால் உப்புப் படிவதும் குறையுமாம்.

எர்த் ஒயர் இழுத்து, ஆர்சிசிபி மாட்டி முடிக்க மாலை ஆகிவிட்டது. ஆர்சிசிபியில் 'டெஸ்ட்' என்றிருக்கும் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். 'டக்'கென்று விழுந்தது. கீஸரின் அடிப்பக்கத்தில் மார்க்கரால் தேதி எழுதிவிட்டுக் கிளம்பினார்.

இரவு என் கட்டுரையைத் திறந்து பார்த்தேன். அந்த இரண்டு வரியில் எர்த் என்ற சொல்லே இல்லை. திருத்தி அனுப்பினேன்.

மறுநாள் காலை குளிக்கப்போன அம்மாவின் கையில் அதே துண்டு. "எல்லாம் சரி பண்ணியாச்சும்மா" என்றேன்.

"தெரியும்டி. முதல்ல நீ போய்த் தொட்டுப் பாரு."