கேபிளை நிறுத்துறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்கள ஒரு வார்த்தை கேளுங்க



கொஞ்ச நாளா கோவிலுக்கு வர்றவங்க என்கிட்ட சாமி விஷயத்தை விட டிவி விஷயம்தான் அதிகம் கேக்குறாங்க. அன்னதானத்துல தட்டு எடுத்துக் குடுக்கும்போது ஒருத்தர், அர்ச்சனை டிக்கெட் வாங்க வந்த இடத்துல இன்னொருத்தர். "கேபிள் ஒப்பந்தம் முடியுது, நிறுத்தலாமா? அப்புறம் அம்மா எதுல பாப்பாங்க?" இதுதான் கேள்வி. நாங்க போன வருஷம் நிறுத்தினோம். எங்க வீட்டுல எப்படி செஞ்சோம்னு ஒரே இடத்துல எழுதிடறேன். தேவைப்படுறவங்க படிச்சுக்குங்க.

எங்க வீட்டுல மாமியாருக்கு 81 வயசு. முட்டிவலி. படி ஏறி கோவிலுக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு. நாங்க வேலைக்குப் போயிட்டா, காலையில எட்டு மணியிலேர்ந்து சாயங்காலம் ஆறரை வரைக்கும் வீட்டுல கேக்குற ஒரே தமிழ்க் குரல் டிவியிலேர்ந்து வர்றதுதான். இன்னும் அவங்க அதை "எஸ்சிவி"ன்னுதான் சொல்வாங்க. 1990கள்ல கம்பி இழுத்து வீட்டுக்கு வந்த பேரு, இன்னைக்கும் நிறைய பெரியவங்க வாயில அப்படியே இருக்கு.

மாசம் 60 வெள்ளிக்கு மேல கட்டிட்டு இருந்தோம். நாங்க ரெண்டு பேரும் அதுல ஒண்ணும் பாக்குறது இல்ல. பிள்ளைங்க போன்லதான். வீட்டுக்காரர் நிறுத்திடலாம்னு சொன்னப்ப அத்தை உடனே, "எனக்காக வேண்டாம்பா, நிறுத்திடுங்க. நான் சும்மா உக்காந்துப்பேன்"னு சொல்லிட்டாங்க.

இந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்காதீங்க. நம்ம பெரியவங்க தனக்கு வேணும்னு வாய் திறந்து கேக்க மாட்டாங்க. பிள்ளைங்க காசை மிச்சம் பண்றது அவங்களுக்கு முக்கியம். அதனால நான் ஒரு வாரம் ஒரு நோட்டுல குறிச்சேன். அத்தை எத்தனை மணிக்கு எதைப் பாக்குறாங்கன்னு. 150 சேனல் வந்தும், அவங்க பாத்தது நாலே விஷயம். காலையில பக்திப் பாட்டும் கோவில் நிகழ்ச்சியும், மத்தியானம் பழைய படம், சாயங்காலம் ரெண்டு தொடர், ராத்திரி 8.30 மணிக்கு வசந்தம் செய்தி. அவ்வளவுதான்.

அந்த நோட்டுல இன்னொண்ணும் தெரிஞ்சுது. அத்தைக்கு டிவிதான் கடிகாரம். பாட்டு முடிஞ்சா காலை மாத்திரை, படம் ஆரம்பிச்சா சாப்பாடு, செய்தி வந்தா நாங்க எல்லாரும் வீட்டுல இருப்போம். அதனால "வேணுங்கறத தேடி எடுத்துப் பாக்கலாம்"னு சொல்ற செயலி மட்டும் அவங்களுக்குப் பத்தாது. தேடுறது, தேர்ந்தெடுக்கிறது எல்லாம் நமக்குப் பழக்கம். அவங்களுக்கு டிவியைத் திறந்தா ஏதாவது ஓடிட்டு இருக்கணும். நேரலைதான் வேணும்னு அப்பதான் முடிவு பண்ணினோம்.

இப்ப ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல வசந்தம். 2008-லேர்ந்து தனி ஒளிவழியா இருக்கிற நம்ம ஊர் தமிழ் டிவி. இதுக்கு கேபிளும் வேண்டாம், இணையமும் வேண்டாம், மாசக் கட்டணமும் இல்ல. டிஜிட்டல் டிவியா இருந்தா ஒரு சின்ன ஆன்டெனா போதும். 2019 ஜனவரியில பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினப்ப நிறைய வீவக வீடுகளுக்கு டிஜிட்டல் பெட்டி இலவசமா குடுத்தாங்களே, அது அலமாரியில தூங்கினா எடுத்துப் பாருங்க. ஆன்டெனா பிடிக்காத வீடுன்னா மீவாட்ச் செயலியில வசந்தம் நேரலையா இலவசமா வருது.

ரெண்டாவது, இந்தியச் சேனல்கள். இங்கதான் குழப்பம். கேபிள்ல எல்லாம் ஒரே பெட்டியில வந்துச்சு. செயலியில ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வீடு. சன் டிவி, கேடிவி எல்லாம் சன் நெக்ஸ்ட்ல. ஜீ தமிழ் நிகழ்ச்சிங்க ஜீ5-ல. விஜய் டிவி தொடர்ங்க ஹாட்ஸ்டார்ல. மூணையும் வாங்கினா கேபிளை நிறுத்தின லாபம் பாதி போயிடும். பெரியவங்க எந்தத் தொடரை விட முடியாதுன்னு சொல்றாங்களோ, அந்த ஒரு செயலியை மட்டும் வாங்குங்க. முதல்ல ஒரு மாசம் மட்டும். வருஷக் கட்டணம் மலிவாத்தான் தெரியும், ஆனா அவங்களுக்குப் பழக்கம் வந்த பிறகு கட்டினா போதும். வாங்குறதுக்கு முன்னாடி, சிங்கப்பூர்ல அந்தச் சேனல் நேரலையா வருதா, இல்ல முடிஞ்ச நிகழ்ச்சி மட்டும்தான் வருதான்னு பாத்துக்குங்க. ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு வேற. ஊர்ல தம்பி வச்சிருக்கிற கணக்குல வர்றது இங்க வராம போகலாம்.

நேர விஷயத்தையும் மறந்துடாதீங்க. இந்தியா நம்மளவிட ரெண்டரை மணி நேரம் பின்னாடி. சென்னையில ராத்திரி 8 மணித் தொடர் நேரலையில வந்தா இங்க 10.30. அத்தை 9.30-க்குப் படுத்துடுவாங்க. அதனால அவங்க தொடரை அடுத்த நாள் சாயங்காலம் என் பொண்ணு போட்டு விடுறா. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து அந்த மாமியாரைத் திட்டுறாங்க. கேபிள் இருந்தப்ப இது நடக்கல.

மூணாவது, கோவில் நேரலை. 2021, 2022 தைப்பூசத்துல காவடி ஊர்வலம் இல்லாம போச்சு. அந்தக் காலத்துல வீட்டுலேர்ந்தே திரையில சாமி பாக்க நம்மள்ல பல பேர் பழகிட்டோம். இப்ப நிறைய கோவில்கள் கும்பாபிஷேகம், திருவிழா எல்லாத்தையும் யூடியூப்ல போடுறாங்க. டிவியில யூடியூபைத் திறந்து அந்தக் கோவில் பக்கங்களை முன்னாடியே சந்தா பண்ணி வச்சுடுங்க, அதுக்குக் காசு இல்ல. ஒரு விஷயம், இணைய நேரலை கொஞ்சம் பின்தங்கி வரும். கோவில்ல நிக்கிறவங்க "தீபாராதனை ஆயிடுச்சு"ன்னு வாட்ஸாப்ல போட்ட பிறகுதான் சில நேரம் வீட்டு டிவியில திரை விலகும். அத்தை அதுக்கும் ஒரு பதில் வச்சிருக்காங்க: "சாமி எனக்காகக் கொஞ்சம் காத்திருக்கார்."

இனி கவனமா இருக்க வேண்டியது. "ஒரு தடவை காசு குடுத்தா போதும், எல்லாத் தமிழ்ச் சேனலும் வாழ்நாள் முழுக்க"ன்னு ஒரு பெட்டி விக்கிறாங்க. கோவில்லயே ஒரு மாமா என்கிட்ட இதை வாங்கலாமான்னு கேட்டார். வேண்டாம். திருட்டு ஒளிபரப்புக்கான பெட்டியை விக்கிறது 2021 நவம்பர்லேர்ந்து நடப்புல இருக்கிற புது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். விக்கிற தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், 5 வருஷம் வரை சிறை. பெட்டி ஒரு நாள் திடீர்னு நின்னா யாரைக் கேப்பீங்க? அதுவும் திருட்டு வழியில வர்ற அபிஷேகத்தைப் பாத்து கன்னத்துல போட்டுக்கிட்டா மனசு ஒப்புமா? அதே மாதிரி ஃபேஸ்புக் விளம்பரத்துல வர்ற செயலியை இறக்காதீங்க. போன்ல இருக்கிற அதிகாரபூர்வ கடையிலேர்ந்து மட்டும் இறக்குங்க. "உங்க சந்தா முடிஞ்சுடுச்சு, கார்டு நம்பர் சொல்லுங்க"ன்னு யாராவது கூப்பிட்டா வச்சுட்டு 1799-க்கு அடிச்சுக் கேளுங்க. மோசடி சந்தேகத்துக்கு 24 மணி நேரமும் இருக்கிற எண் அது.

நிறுத்துறதுக்கு முன்னாடி பில்லையும் நல்லாப் படிங்க. பல வீட்டுல டிவி, இணையம், வீட்டு போன் மூணும் ஒரே கட்டா இருக்கும். டிவியை மட்டும் எடுத்தா இணையக் கட்டணம் மாறுமா, ஒப்பந்தம் எப்ப முடியுது, பெட்டியைத் திருப்பிக் குடுக்கணுமான்னு கேட்டு வச்சுக்குங்க. வீட்டுல ஃபைபர் இருந்தா வேகத்தைப் பத்திக் கவலை வேண்டாம். போன் டேட்டாவுல பாக்கறவங்கதான் யோசிக்கணும். தெளிவான படம்னா மணிக்கு ரெண்டு மூணு ஜிபி வரைக்கும் போகும்.

கடைசியா, ரொம்ப முக்கியமானது ரிமோட். செயலியைப் போட்டுக் குடுத்துட்டுப் போயிடாதீங்க. கட்டணம் உங்க கார்டுல இருக்கட்டும், கடவுச்சொல்லை நீங்களே டிவியில போட்டு வச்சுடுங்க. திறந்ததும் முதல் வரிசையில அவங்களுக்கு வேணுங்கற மூணு படம் மட்டும் தெரியுற மாதிரி வைங்க. நான் ரிமோட்ல மூணு பொத்தானுக்குப் பக்கத்துல சின்னச் சின்ன ஒட்டுக் காகிதம் ஒட்டினேன். சிவப்பு வசந்தம், மஞ்சள் சன், பச்சை கோவில். முதல் வாரம் ஒரு நாளைக்கு நாலு தடவை போன் வந்துச்சு. எரிச்சல் வராம பதில் சொல்லுங்க. அவங்க கேக்குறது டிவியைப் பத்தி மட்டும் இல்ல. நீங்க பக்கத்துல இருக்கீங்களான்னும்தான். ரெண்டாவது வாரம் ரெண்டு தடவை. மூணாவது வாரம் அத்தை பக்கத்து வீட்டுப் பாட்டிக்கே சொல்லிக் குடுத்தாங்க.

இப்ப எங்க செலவு முன்னாடியை விட பாதிக்கும் கீழ. மிச்சத்துல ஒரு பகுதியை அத்தை பேர்ல மாசம் ஒரு உபயத்துக்கு எடுத்து வைக்கிறோம். அந்த அர்ச்சனை நாள் மட்டும், கஷ்டமா இருந்தாலும் டாக்சி வச்சு அவங்களக் கூட்டிட்டு வர்றோம். திரையில பாக்கறது எவ்வளவு நல்லா இருந்தாலும், விபூதி கையில விழணும் இல்லையா.

தனியா இருக்கிற பெரியவங்க, செயலி போட ஆள் இல்லாதவங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. சமூக மன்றத்துலயும் நூலகத்துலயும் மூத்தோருக்கு போன் சொல்லித் தர்றாங்க. மொழி தயக்கமா இருந்தா நம்ம தொண்டூழியர்கள் ரெண்டு பேர் வீட்டுக்கே வந்து செஞ்சு குடுக்கத் தயாரா இருக்காங்க. டீ மட்டும் குடுத்தா போதும் 😊

எல்லாருக்கும் இறைவன் அருள் கிடைக்கட்டும்.