அப்பாவின் காருக்கு என்ன விலை?

பழைய பொருளை விற்கப் புறப்படுகிறவர் எவரும் இரண்டு கணக்குகளைக் கையில் வைத்திருப்பார். ஒன்று, தாம் செலவிட்ட பணத்தின் கணக்கு. மற்றொன்று, அந்தப் பொருளோடு தாம் வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கு. வாங்க வருகிறவரோ இவ்விரண்டையும் கேட்பதில்லை. அவரிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. இவ்வுண்மையைக் கற்றுக்கொள்ள எங்கள் குடும்பத்திற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

எங்கள் தந்தையார் தூத்துக்குடியில் சிறிய அளவில் உப்பு வணிகம் செய்து வந்தவர். புதிய கார் வேண்டுமென்றால் பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த காலம் அது. ஆகவே 1978-இல், மருத்துவர் ஒருவர் ஓட்டி வந்த 1967-ஆம் ஆண்டு அம்பாசடர் 'மார்க் 2' வண்டியை அவர் வாங்கினார். கட்டம் கட்டமான முன்வலையும், ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்த கியரும், 'எம்' என்னும் எழுத்தில் தொடங்கும் பழைய சென்னை இராஜ்ஜியப் பதிவெண்ணும் கொண்ட வண்டி அது. நாங்கள் மூவர், அண்ணனும் தம்பியும் தங்கையும், அதன் பின்னிருக்கையிலேயே வளர்ந்தோம் என்று சொன்னாலும் தகும். அக்கம்பக்கத்துப் பெண்கள் பேறுகாலத்திற்கு மருத்துவமனை சென்றதும் அதில்தான். எங்கள் தங்கை மணக்கோலத்தில் இறங்கியதும் அதிலிருந்துதான்.

2009-இல் அப்பாவின் பார்வை மங்கியதும் வண்டி கொட்டகையில் நின்றது. 2017-இல் அவரும் எங்களைவிட்டுப் பிரிந்தார். கடற்கரை ஊரின் உப்புக்காற்று தன் வேலையைச் செய்தது. கதவுகளின் அடிவிளிம்பு உதிர்ந்தது. தரைத் தகட்டின் ஓட்டை வழியே மண் தெரிந்தது. அதைக் காணப் பொறாத நாங்கள், 2020-இல் மூவரும் பணம் போட்டு, வேற்றூர்ப் பட்டறை ஒன்றில் வண்டியைப் புதுப்பிக்க விட்டோம்.

டிங்கரிங்கும் பெயிண்டும் 2,10,000 ரூபாய். என்ஜின் வேலை 85,000. பம்பர் முதலியவற்றுக்குக் குரோமியப் பூச்சு 60,000. இருக்கைகளும் உள்வேலையும் 55,000. டயர்களும் ஒயரிங்கும் 70,000. கிடைக்காத உதிரிப் பாகங்களைத் தேடி அலைந்ததும் வண்டி ஏற்றிறக்கக் கூலியும் 1,00,000. ஆக மொத்தம் 5,80,000 ரூபாய். மூன்றாண்டுகள் கழித்து வண்டி கண்ணாடிபோல் மின்னியது.

அவ்வேளையில்தான் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கார் பட்டறையில் இருந்ததால் தப்பியது. எங்கள் ஓட்டு வீடோ தப்பவில்லை. பின்சுவர் சரிந்தது, கூரை ஒழுகியது. பொங்கலுக்கு நாங்கள் கூடியபோது அம்மா அமைதியாகச் சொன்னார்கள்: "உங்கள் அப்பாவின் கார் மினுமினுவென்று இருக்கிறது, அவர் கட்டிய வீடு ஒழுகுகிறது. எதை வைத்துக்கொள்வது என்று நீங்களே சொல்லுங்கள்."

விற்பதென்று முடிவாயிற்று. என்ன விலைக்கு? செலவு 5,80,000; அப்பாவின் நினைவுக்கும் ஏதேனும் சேர்க்க வேண்டாமா? எட்டு இலட்சம் என்று தீர்மானித்தோம். விளம்பரங்களைப் பார்த்தபோது சிலர் அதற்கு மேலும் கேட்டிருந்தனர். அது எங்களுக்குத் தெம்பளித்தது. கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு என்பதை அப்போது நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. விளம்பரத்தில் நாம் காண்பது இன்னும் விற்காத வண்டிகளின் விலையையே அன்றி, விற்றுப்போனவற்றின் விலையை அன்று!

முதலில் வந்த புரோக்கர் இரண்டரை இலட்சம் என்றார். எங்களுக்குச் சினம் மூண்டது. அப்பாவின் வண்டியை நெடுங்காலம் பழுது பார்த்த முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து முறையிட்டோம். அவர் சிரித்துவிட்டு, மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை எடுத்துக் கதவின் அடியிலும் சக்கர வளைவுகளிலும் வைத்துப் பார்த்தார். இரும்பு இருந்த இடத்தில் காந்தம் ஒட்டியது. பட்டியைத் தடிமனாகப் பூசி மறைத்திருந்த இடங்களில் வழுக்கி விழுந்தது. "தம்பி, இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரையும் உடம்பும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் இதன் எலும்பு. மேலே பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும், விவரம் தெரிந்தவன் குனிந்து அடியைத்தான் பார்ப்பான்" என்றார்.

அன்று மாலை முழுவதும் அவர் எங்களுக்குப் பாடம் நடத்தினார். அதன் சாரத்தை இங்கே தருகிறோம்.

முதலாவது, செலவு விலையாகாது. புதுப்பிக்கும் செலவு எந்த வண்டிக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான். வண்டியின் மதிப்போ வண்டிக்கு வண்டி மாறுபடும். அரசர்களின் அரண்மனையில் நின்ற அரிய வண்டிக்கும் நம் வீட்டு அம்பாசடருக்கும் பெயிண்ட் அடிப்பவர் கேட்கும் கூலியில் பெரிய வேற்றுமை இராது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1957 முதல் 2014 மே மாதம் வரை அம்பாசடர் செய்யப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்த வண்டி அரிய பொருள் ஆகாது. 'மார்க் 2' போன்ற முற்பட்ட வகைகளில் நல்ல நிலையில் இருப்பவை குறைவு என்பதே அதற்குரிய சிறப்பு. அந்த அம்பாசடர் என்னும் பெயரே 2017-இல் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சு நாட்டுப் பெஜோ நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. பெயருக்குக் கோடிகள் கிடைத்தன என்பதற்காக ஒவ்வொரு வண்டிக்கும் இலட்சங்கள் கிடைத்துவிடா.

இரண்டாவது, மாற்றாமல் வைத்திருப்பதே மதிப்பு. புதிய வகை விளக்கு, ஏ.சி., பிற வண்டியின் இருக்கை, டீசல் என்ஜின் ஆகியவை ஓட்டுகிறவருக்கு வசதி. ஆர்வத்தோடு சேகரிப்பவருக்கோ அவை குறை. சற்று மங்கியிருந்தாலும் தொழிற்சாலையில் பூட்டிய பாகமே அவர் கண்ணுக்கு அழகு.

மூன்றாவது, காகிதங்கள். ஆர்.சி. புத்தகம், தொடர்ச்சியான பதிவு, ஒத்துப்போகும் சேசிஸ் எண், என்ஜின் எண், வேலை நடந்தபோது எடுத்த படங்கள், பில்கள் ஆகியவை இல்லையேல் வண்டி வெறும் இரும்பே.

காகிதம் என்றதும் எங்கள் முகங்கள் வாடின. ஆர்.சி. இன்னும் அப்பாவின் பெயரிலேயே இருந்தது. உரிமையாளர் இறந்தால் 30 நாள்களுக்குள் அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-இல் வாரிசுப் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. துக்கத்தில் நாங்கள் அதை மறந்தோம். பின்னர் சோம்பலில் தள்ளிப்போட்டோம். முதல் 15 ஆண்டுகள் கழிந்தபின் ஐந்தாண்டுக்கொருமுறை செய்ய வேண்டிய பதிவுப் புதுப்பிப்பும் நின்றுபோயிருந்தது. முன்னர் 600 ரூபாயாக இருந்த அதன் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆகியிருந்தது. (20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது.)

ஆனால் எங்கள் உண்மையான கவலை வேறொன்று. வண்டியைப் பிரித்தபோதே பட்டறைக்காரர் கண்டு சொல்லியிருந்தார்: உள்ளே இருந்த என்ஜின், ஆர்.சி. புத்தகத்தில் எழுதப்பட்ட என்ஜின் அன்று. அதே 1,489 சி.சி. வகைதான், எண் மட்டும் வேறு. அப்பா எப்போதோ மாற்றியிருக்கிறார், பதிவு செய்யவில்லை. "எண்ணைத் தேய்த்துவிட்டுப் புத்தகத்தில் உள்ளதையே அடித்துக் கொடுத்துவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று அவர் கேட்டார். அது குற்றம் என்று மறுத்துவிட்டோம். மறுத்ததில் எங்களுக்குச் சிறிது பெருமையும் இருந்தது. ஆனால் வண்டி திரும்பி வந்தபோது, எண் இருந்த இடத்தில் பெயிண்ட் தடிமனாக அப்பியிருந்தது. அதை நாங்கள் சுரண்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

2024 மார்ச்சில், ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். பண்பானவர். அடியில் படுத்துப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், பட்டி பூசிய இடங்களைக் குறித்துக்கொண்டார். இறுதியில் 4,75,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். எதிர்பார்த்ததற்குக் குறைவே, எனினும் மெக்கானிக் ஐயா சொன்ன மதிப்பை விட அதிகம். அதற்குரிய காரணத்தையும் அவரே சொன்னார். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். ஆனால் சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் இன்றி மூல வடிவில் இருத்தல் வேண்டும். அவ்வாறு பதிந்தால் அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே எடுக்கலாம். அவருக்கு அதுவே போதும். "எல்லாம் மூல வண்டிதானே?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "நாளை பேசுவோம், ஐயா" என்றோம்.

அன்றிரவு வீட்டில் வழக்குமன்றம் கூடியது. அவர்தாம் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டாரே, மறைத்தது நாமல்லவே, பட்டறைக்காரர் அல்லவா என்றோம். சுவரைக் கட்டக் கொத்தனார் கேட்டிருந்த தொகையையும் நினைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் கேட்டிருந்த அம்மா ஒரே கேள்வி கேட்டார்கள்: "நாளைக்கு ஆபீசில் அந்தப் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கும்போது, அவர் யாரைத் திட்டுவார்? வண்டியை விற்ற உங்களையா, உங்கள் அப்பாவையா?"

மறுநாள் அவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "சொன்னதற்கு நன்றி. அந்த விலைக்கு இனி நான் வாங்க இயலாது. என்ஜின் மாற்றத்தை முறைப்படி ஆர்.சி.யில் ஏற்றித் தந்தால் 3,90,000 தருகிறேன்" என்று கூறிச் சென்றார். ஒரு வாக்கியத்தில் எண்பத்தையாயிரம் ரூபாய் போயிற்று. உண்மை பேசியவுடன் உள்ளம் பூரித்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அன்று எங்களுக்கு வயிறு எரிந்தது என்பதே மெய்.

என்ஜினை எங்கே வாங்கினார் என்பதற்குச் சான்றின்றி அலுவலகத்தில் எவ்வாறு விண்ணப்பிப்பது? அம்மா அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உப்புக் கணக்குகளுக்கிடையே, நூல் கட்டிய ஒரு கட்டு இருந்தது. 1978 முதல் அந்த வண்டிக்கு வாங்கிய ஒவ்வொரு பொருளின் பில்லும் அதில் இருந்தது. 1991-இல் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய என்ஜின் வாங்கிய இரசீதும், அதில் அந்த எண்ணும் தெளிவாக இருந்தன. ஓரத்தில் அப்பாவின் கையெழுத்து: "ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்." செய்ய நினைத்திருக்கிறார், செய்ய இயலாமற்போயிருக்கிறது. பதினோர் ஆண்டுகள் கொட்டகையில் நின்ற வண்டியை விட, அந்த ஒரு வரி எங்களை அதிகம் அழவைத்தது.

பெயர் மாற்றம், தாமதக் கட்டணம், ஆய்வாளர் பார்வை, என்ஜின் எண் பதிவு, பதிவுப் புதுப்பிப்பு என நான்கு மாதங்கள் அலைந்தோம். எல்லாம் முடிந்து, பில் கட்டோடு அவரை அழைத்தோம். அவர் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் படித்தார். "வண்டியின் வரலாறு முழுவதும் இதில் இருக்கிறதே! இதற்கு நான் தனியே தர வேண்டும்" என்று சொல்லி 4,10,000 ரூபாய் கொடுத்தார். படிவம் 29-லும் 30-லும் அம்மா கையெழுத்திட்டார்கள். மூல என்ஜின் இல்லாத வண்டிக்குத் தொன்மைப் பதிவு கிடைக்குமோ, கிடைக்காதோ என்பதை அறிந்தே அவர் வாங்கினார். அறிந்து வாங்குகிறவருக்கும் அறிவித்து விற்கிறவருக்கும் இடையில் பின்னர் மனக்கசப்பு எழுவதில்லை.

கணக்குப் பார்த்தால் எங்களுக்கு 1,70,000 ரூபாய் நட்டம். மெக்கானிக் ஐயாவோ அதை நட்டம் என்று ஒப்பவில்லை. "மூன்று வருடம் அப்பா வண்டியைத் திரும்பக் கண்ணால் பார்த்தீர்களே, அதற்கு ஆன செலவு அது" என்றார். அது சரியே. அன்பினால் செய்த செலவை அன்பின் கணக்கிலேயே எழுதிவிட வேண்டும். அதை வாங்குகிறவர் தலையில் ஏற்றுவது முறையன்று.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இத்தகைய பழைய வண்டி நிற்குமாயின், அருள்கூர்ந்து சில காரியங்களைச் செய்யுங்கள். செலவிடுமுன் அடித்தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். காகிதங்களை உரியவர் உயிரோடிருக்கும்போதே சீர்செய்யுங்கள். கழற்றிய மூலப் பாகம் எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். விற்கும் நாளில், வண்டியின் குறைகளை ஒரு தாளில் நீங்களே எழுதி, வருகிறவர் கேட்குமுன் அவர் கையில் கொடுங்கள். விலை சற்றுக் குறையலாம். ஆனால் அந்த விலைதான் உங்கள் வண்டியின் உண்மையான விலை.

பின்சுவர் எழுந்துவிட்டது, ஓடுகளும் மாற்றியாயிற்று. சென்ற மழைக்காலத்தில் வீடு ஒழுகவில்லை. கார் நின்ற கொட்டகையில் இப்போது அம்மா விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள்.